மலையேறிய கோச்சி – 12: 1954இன் எஞ்சினும் 1979இன் எஞ்சினும்

நாவலப்பிட்டி நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 580 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் இருப்பது ஏறத்தாழ 1,260 மீற்றரில். இடையிலுள்ள 680 மீற்றரை 44க்கு 1 என்ற சரிவில் ஏறிக் கடக்கப் பாதை குறைந்தது 30 கிலோமீற்றர் நீள வேண்டும். உண்மையில் போடப்பட்ட தண்டவாளமும் அதைவிடச் சில கிலோமீற்றர்தான் கூடுதல். இங்குருஓயா, கலபொட, வட்டவளை, ரொசெல்ல என்று நிலையங்களில் கிடைக்கும் சிறு சமதளங்களைக் கழித்துவிட்டால், 1884இல் ஹட்டனைத் தொட்ட அந்தப் பாதை முழுவதுமே தன் உச்சச் சரிவில்தான் கிடக்கிறது. வேறு நாட்டு மலைப்பாதைகளில் கடும் ஏற்றம் ஒன்று வரும், பின் சற்றுத் தணியும், எஞ்சின் ஆறிக்கொள்ளும். இங்கே அந்தச் சலுகை இல்லை. அதற்கு மேல் வளைவுகள். ஐந்து சங்கிலி ஆரம், அதாவது ஏறத்தாழ 100 மீற்றர். அகலப் பாதையில் இவ்வளவு இறுக்கமான வளைவுகளை அடுத்தடுத்துக் காண்பது அரிது. ஹட்டனுக்கு அப்பால் கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன் வழியாக நானுஓயாவுக்கும், பிறகு 1,890 மீற்றருக்குச் சற்று மேலே நிற்கும் பட்டிப்பொலைக்கும் இதே கதைதான். இந்தப் பாதையில் எந்த எஞ்சின் நிலைத்தது, எது நிலைக்கவில்லை, ஏன் என்பதே இந்தப் பகுதியின் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை வலு. மலை ஏறுவதற்கு வலு வேண்டும், ஆகவே வலுவுள்ள எஞ்சின் வென்றது என்பார்கள். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தின் டீசல் எஞ்சின்களில் மிக அதிக வலுவுள்ளவை மலைநாட்டுக்கு வழக்கமாக வந்தவை அல்ல. 1996இல் இந்தியாவிலிருந்து வந்த எம்8 2,800 குதிரைவலு. 2000இல் அல்ஸ்தோம் நிறுவனத்திடமிருந்து வந்த எம்9 3,200 குதிரைவலு. இரண்டும் மலைப்பாதையின் அன்றாட எஞ்சின்களாக ஆகவில்லை. ஆனால் 1954இல் கனடாவிலிருந்து வந்த, 1,425 குதிரைவலு மட்டுமே கொண்ட எம்2 அரை நூற்றாண்டைத் தாண்டியும் ஓடியது. அதன் உறவுக்காரனான, 1,650 குதிரைவலு கொண்ட எம்6 1979இல் வந்து மலைப்பாதையின் முதுகெலும்பாயிற்று. பாதியளவு வலு கொண்டவை நிலைக்கவும் இருமடங்கு வலு கொண்டவை கீழ்நாட்டிலேயே நிற்கவும் காரணம் என்ன?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். எஞ்சினோடு சேர்த்து 280 தொன் எடையுள்ள ஒரு ரயிலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 44க்கு 1 சரிவில் அதைப் பின்னோக்கி இழுக்கும் புவியீர்ப்பு 6.4 தொன் விசை. இறுக்கமான வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தோடு உராய்வதால் கூடும் எதிர்ப்பு ஏறத்தாழ 2 தொன். சாதாரண உருளல் எதிர்ப்பையும் சேர்த்தால் மொத்தம் 9 தொன் அளவில் வரும். அந்த 9 தொன்னை மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் இழுக்கச் சக்கரத்தில் 1,000 குதிரைவலு போதும். ஜெனரேட்டரிலும் மோட்டாரிலும் போகும் இழப்பை ஈடுசெய்ய எஞ்சினிடம் 1,200 இருந்தால் சரி. ஏன் 30 கிலோமீற்றர்? ஏனென்றால் 100 மீற்றர் ஆரமுள்ள வளைவில் அதை ஒட்டிய வேகமே பாதுகாப்பானது. எஞ்சினுக்கு 3,200 குதிரைவலு கொடுத்தாலும் வளைவு அதை ஓட விடாது. வேகமாகப் போக முடியாது என்றால் அதிக பெட்டிகளை இழுக்கலாமே என்று கேட்கலாம். அதற்குத் தடை சக்கரத்தின் பிடிப்பு. 80 தொன் எஞ்சினில் மூன்றில் இரண்டு பங்கு எடை ஓட்டும் சக்கரங்களில் இறங்குகிறது என்று வைத்தால் 53 தொன். ஈரத் தண்டவாளத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் இழுவிசையாக மாறும். அது 10.6 தொன். தேவை 9, கையிருப்பு 10.6. மழையும் மூடுபனியும் ஓயாத பாதையில், கொட்டகலைக்கு முன் வரும் சிங்கமலைச் சுரங்கம் போன்ற இடங்களின் ஈரக்கசிவில், சாரதிக்கு இருக்கும் இடைவெளி அவ்வளவுதான். மணல் தூவித்தான் ஏற வேண்டும். பிடிப்பைக் கூட்ட எஞ்சினைக் கனமாக்கலாம். ஆனால் கனம் கூடினால் பழைய பாலங்களும் வளைவுத் தண்டவாளமும் தாங்க வேண்டும். இந்த முக்கோணத்துக்குள்தான் மலைப்பாதை எஞ்சின் ஒவ்வொன்றும் அடங்க வேண்டியிருந்தது. இங்கே வலு என்பது ஓர் எல்லை வரைதான் பேசும். 1,400க்கும் 1,700க்கும் இடையில் அந்த எல்லை வந்துவிடுகிறது.

நீராவிக் காலத்திலும் இதே முக்கோணம் இருந்தது என்பதைச் சென்ற பகுதியில் கண்டோம். 1927இல் பேயர் பீக்கொக் நிறுவனம் அனுப்பிய கறற் எஞ்சினும், 1945இல் வந்த எட்டுக் கறற்களும் அந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் எடையைப் பல அச்சுகளில் பரப்பி, நடுவில் மடங்கி வளைவது. டீசல் எஞ்சினும் எடையைப் பரப்பத்தான் வேண்டியிருந்தது. ஆனால் வேறு முறையில்.

1950களின் தொடக்கத்தில் பி. டி. ரம்பல திணைக்களத்தின் பிரதான இயந்திரப் பொறியியலாளர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவர். 1955இல் பொது முகாமையாளரானார். டீசலுக்கு மாறுவதை அவர் தன் பணியின் மையமாகக் கொண்டார். உடரட மெனிக்கே போன்ற பெயர் பெற்ற ரயில்கள் அவர் காலத்தில் பிறந்தவை. 1952, 53இல் பிரித்தானியாவிலிருந்து பிரஷ் பாக்னல் கட்டிய 25 எம்1 எஞ்சின்கள் வந்தன. உள்ளே மிர்லீஸ் எஞ்சின். அடுத்த ஆண்டே கொழும்புத் திட்ட உதவியாகக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய ஜி12 வகை எஞ்சின்கள் வந்து எம்2 என்று பெயர் பெற்றன. 569 ஒன்ராறியோ, 570 அல்பேர்ட்டா, 571 சஸ்கச்சுவான் என்று கனடிய மாகாணங்களின் பெயர்களை முகத்தில் தாங்கி வந்தவை அவை. முதலில் ஐந்து. பிறகு 1960களின் நடுப்பகுதி வரை சிறு சிறு தொகுதிகளாக மேலும் ஒன்பது வந்து, எம்2ஏ, எம்2பி, எம்2சி, எம்2டி என்று பிரிந்தன. மொத்தம் 14. எழுத்து மாறும்போது எஞ்சினின் அடிப்படை மாறவில்லை. சக்கர அமைப்பும் கட்டுமான விவரங்களும்தான் மாறின. ஆரம்பத் தொகுதிகளில் ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சு, அதில் நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது. எடையைத் தாங்குவதே அதன் வேலை. இழுவிசையில் மூன்றில் ஒரு பங்கை இழந்து, தண்டவாளத்தின் மீது இறங்கும் அழுத்தத்தைக் குறைப்பது இந்த ஏற்பாடு. மேலே போட்ட கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்துக்கொண்டது இதனால்தான்.

ஆண்டு முக்கியம் என்று சொல்வது இங்கேதான் பொருள் பெறுகிறது. எம்2இன் உள்ளிருப்பது 567சி என்ற 12 சிலிண்டர் எஞ்சின். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். இரண்டடி இயக்கம், சிலிண்டர் சுவரிலுள்ள துளைகள் வழியே காற்று நுழையும், தலையிலுள்ள நான்கு வால்வுகள் வழியே புகை வெளியேறும், காற்றைத் தள்ளுவது பற்சக்கரத்தால் சுழலும் ரூட்ஸ் ஊதி. இந்தக் குடும்பத்தில் 1938இலிருந்தே எஞ்சின்கள் வந்தன. ஆனால் சி வகைக்கு முந்தியவற்றில் ஒரு தீராத நோய் இருந்தது. சிலிண்டருக்குக் குளிர்நீர் எஞ்சின் உடலின் வழியாகவே போகும். இடையில் ரப்பர் வளையங்கள் நீரை அடைத்து நிற்கும். அவை தேய்ந்தால் நீர் மசகெண்ணெயில் கலக்கும். நீர் கலந்த எண்ணெய் பேரிங்குகளைத் தின்றுவிடும். 1953இல் வந்த சி வகையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி நீர்க்குழாய் வைத்து நீரை எஞ்சின் உடலிலிருந்து விலக்கிவிட்டார்கள். இலங்கை வாங்கியது அடுத்த ஆண்டு. இரண்டு ஆண்டு முன்னதாகக் கையெழுத்திட்டிருந்தால் வந்திருக்கக்கூடியது பி வகை.

அந்த இரண்டு ஆண்டு வித்தியாசத்தின் முழு விளைவு பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் வெளிப்பட்டது. 1966 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் 645 என்ற புதிய எஞ்சினைக் கொண்டு வந்தது. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் பழைய 10 அங்குலமே. சிலிண்டரின் விட்டம் மட்டும் எட்டரை அங்குலத்திலிருந்து ஒன்பதுக்குச் சற்று மேலே போயிற்று. வெளி அளவுகளைக் கவனமாகப் பழையபடியே வைத்தார்கள். ஆகவே 645க்காகச் செய்த சிலிண்டர், பிஸ்டன், தலை அடங்கிய தொகுதி 567சி எஞ்சினின் உடலுக்குள்ளும் இறங்கும். பி வகைக்குள் நேரடியாக இறங்காது; நீர்வழி வேறு. இந்தக் குடும்பத்தில் ஒரு சிலிண்டர் கெட்டால் அந்தத் தொகுதியை மட்டும் மேலிருந்து தூக்கி எடுத்து இன்னொன்றை இறக்கிவிடலாம். எஞ்சினை வண்டியிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1954இன் எஞ்சினுக்கு உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலை 1970களிலும் 1980களிலும் மூடப்படவில்லை. உலகின் பல நூறு ரயில்வேக்கள் 645 வாங்கிக்கொண்டிருந்தவரை இலங்கையின் 14 எம்2களும் அனாதையாகவில்லை. 14 எஞ்சின் என்பது எந்தத் தொழிற்சாலையும் தனியாக ஒரு பாகம் வார்த்துக் கொடுக்கும் எண்ணிக்கை அல்ல. சிறிய நாட்டின் எஞ்சின், பெரிய குடும்பத்தில் பிறந்ததால் பிழைத்தது.

எஞ்சின் பாதிக் கதை. கட்டுப்பாடு மறுபாதி, மலையில் அதுதான் கடினமான பாதி. டீசல் மின் எஞ்சினில் சாரதி எரிபொருளை நேரடியாகக் கூட்டுவதில்லை. கைப்பிடியை எட்டுப் படிகளில் நகர்த்துகிறார். ஒவ்வொரு படியும் கவர்னரிலுள்ள நான்கு மின்காந்தங்களில் சிலவற்றை இயக்கி, எஞ்சின் இத்தனை சுற்றில் ஓட வேண்டும் என்று கட்டளையிடுகிறது; 567சியில் ஓய்வில் நிமிடத்துக்கு 275 சுற்று, எட்டாம் படியில் 835. அந்தச் சுற்றைக் காக்கக் கவர்னர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும். இனி வளைவு வருகிறது, எதிர்ப்புக் கூடுகிறது, ஜெனரேட்டரின் சுமை ஏறுகிறது. எரிபொருள் தன் வரம்பைத் தொட்டும் சுற்று தளர்ந்தால், கவர்னரின் எண்ணெய் அழுத்தம் லோட் ரெகுலேட்டர் என்ற சிறு சுழல் மின்தடையைத் திருப்பும், அது ஜெனரேட்டரின் காந்தப்புலத்தைக் குறைக்கும், சுமை இறங்கும், எஞ்சின் மீளும். வளைவு கழிந்ததும் எல்லாம் திரும்பி நடக்கும். நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் வரை இந்தப் பேச்சுவார்த்தை இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கும். சக்கரம் வழுக்கினால் மோட்டார்களின் மின்னோட்டங்களுக்கிடையே உண்டாகும் வித்தியாசத்தை ரிலே கண்டு ஒலியெழுப்பிச் சுமையைத் தளர்த்தும். இவற்றில் எதுவும் மறைவானது அல்ல. ரிலேயின் நாக்கு கண்ணுக்குத் தெரியும். அது ஒட்டுகிறதா என்று காதால் கேட்கலாம். எந்தக் கம்பியில் மின்சாரம் நிற்கிறது என்று ஒரு சோதனை விளக்கால் தேடிப் பிடிக்கலாம். பழுது எங்கே என்பதை ரத்மலானைத் தொழிற்கூடத்தில் பழகிய ஒருவர் நாவலப்பிட்டி எஞ்சின் கொட்டகையில் நின்று கண்டுபிடிக்க முடிந்த கட்டுப்பாடு இது. இன்றைய கார்களில் ஆண்டுக்கு ஆண்டு மாறும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற வேலையைத்தான் அன்று கவர்னரும் லோட் ரெகுலேட்டரும் ரிலேக்களும் பிரித்துச் செய்தன. வேறுபாடு, அவற்றின் உள்ளே பார்க்க முடிந்தது என்பதே.

இந்த வாதத்தைச் சோதிக்க வரலாறு நமக்கு அரிய ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. 1979ஐ ஒட்டி இரண்டு எஞ்சின் வகைகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இலங்கைக்கு வந்தன. இரண்டும் ஏறத்தாழ ஒரே வலு. ஒன்று ஜப்பானின் ஹிட்டாச்சி கட்டிய எம்5. உள்ளே ஜேர்மனிய வடிவமைப்பான எம்.டி.யு எஞ்சின், நான்கடி இயக்கம், டர்போ ஊதி, மிகு சுற்று. மற்றது மேற்கு ஜேர்மனியின் ஹென்ஷல் கட்டிய எம்6, மொத்தம் 16. உள்ளே 12 சிலிண்டர் 645ஈ. நடு அச்சுக்கு மோட்டாரில்லாத அதே சக்கர அமைப்பை எம்6 தக்கவைத்துக்கொண்டது. அப்போது அதன் எஞ்சின் குடும்பத்தில் புதுமை எதுவும் இல்லை. இருபத்தைந்து ஆண்டு முன் வந்த எம்2இன் நேர் வாரிசு அது. எம்5தான் தாளில் நவீனமானது. பிறகு நடந்ததைத் திணைக்களத்தின் வகைப் பெயர்களே சொல்கின்றன. எம்6 இன்றும் எம்6. எம்5 மட்டும் எம்5ஏ, எம்5பி, எம்5சி என்று பிரிந்தது. காரணம், மூல எஞ்சின் ஓய்ந்து, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நிறுவனத்தின் எஞ்சின்கள் அந்த உடலுக்குள் பொருத்தப்பட்டன. எம்2இல் எழுத்து மாறியது புதிய தொகுதி வந்ததால். எம்5இல் எழுத்து மாறியது பழைய இதயம் நின்றதால். 1969இல் ஹென்ஷல் அனுப்பிய 45 டபிள்யூ1 எஞ்சின்களின் கதையும் இதையே உறுதி செய்கிறது. பாக்ஸ்மன் எஞ்சினும் நீரியல் பரிமாற்றமும் கொண்ட அவற்றில் சில பிற்காலத்தில் வேறு எஞ்சின் பொருத்தப்பட்டு டபிள்யூ3 ஆயின. எம்1இன் மிர்லீஸ் எஞ்சின்கள் முற்றாக மறைந்தன. 1981ஐ ஒட்டி பிரிட்டனின் பிரஷ் நிறுவனம் அனுப்பிய எம்7இல் எட்டு சிலிண்டர் 645; 1,000 குதிரைவலு. கட்டியவர் பிரித்தானியர், எஞ்சின் மட்டும் பழைய குடும்பம். கனடா, ஜேர்மனி, பிரிட்டன் என்று மூன்று நாட்டுத் தொழிற்சாலைகளில் பிறந்த மூன்று வகைகளின் சிலிண்டர் தொகுதிகள் ஒரே பாகக் கிடங்கில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கலாம் என்ற நிலை இப்படித்தான் உண்டானது.

இதற்கு எதிராக எழக்கூடிய முதல் ஆட்சேபம் கனமானது. உயரத்தில் காற்று மெலிகிறது. பட்டிப்பொலையில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 83 சதவீதம்தான். ரூட்ஸ் ஊதி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கன அளவு காற்றைத்தான் தள்ளும். காற்று மெலிந்தால் உள்ளே போகும் பிராணவாயுவும் குறையும். டர்போ ஊதி அப்படியல்ல. மெல்லிய காற்றில் அது இன்னும் வேகமாகச் சுழன்று குறையில் பெரும்பங்கை ஈடுசெய்யும். அப்படியானால் மலைக்குப் பொருத்தமானது டர்போ உள்ள எம்5தானே, எம்2 அல்லவே? எஞ்சினை மட்டும் மேசையில் வைத்துப் பார்த்தால் இந்த ஆட்சேபம் சரி. ஆனால் முன்பு போட்ட கணக்குக்கு வாருங்கள். 30 கிலோமீற்றர் வேகத்துக்கு 1,200 குதிரைவலு தேவை. எம்2இன் 1,425இலிருந்து உயரம் பத்துப் பதினைந்து சதவீதத்தைப் பறித்தாலும் எஞ்சுவது அந்த எல்லையில்தான் நிற்கிறது. வலு குறைந்தால் வேகம் குறையும். இழுவிசை குறைவதில்லை, ஏனெனில் மெதுவான ஏற்றத்தில் இழுவிசையைத் தீர்மானிப்பது சக்கரப் பிடிப்பும் மோட்டாரின் வெப்பமும். கிரேட் வெஸ்டர்னுக்கு அப்பால் ரயில் சில நிமிடம் தாமதமாகப் போகும், ஆனால் போய்ச் சேரும். எரிபொருள் கணக்கில் மட்டும் ஆட்சேபம் முழுமையாக நிற்கிறது. ஊதியைச் சுழற்றவே வலுவைச் செலவிடும் இரண்டடி எஞ்சின், அதே வேலைக்கு நான்கடி டர்போ எஞ்சினைவிட அதிக டீசல் குடிக்கும். எண்ணெய் முழுவதையும் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது சிறு குறை அல்ல. இந்த விலையைக் கொடுத்துத்தான் நம்பகத்தன்மை வாங்கப்பட்டது. அந்த வியாபாரம் சரியானது என்பதே என் கருத்து, ஆனால் அது இலவசமாகக் கிடைத்தது என்று எழுதுவது வரலாறாகாது.

இரண்டாவது ஆட்சேபம்: பழைய எஞ்சின் நிலைத்தது சிறப்பினால் அல்ல, வறுமையினால். புதியது வாங்கப் பணமில்லாத திணைக்களம் இருந்ததை ஓட்டியது, அவ்வளவே என்று சிலர் சொல்வார்கள். பணமில்லை என்பது உண்மை. ஆனால் அதே வறுமை எம்5க்கும் டபிள்யூ1க்கும் இருந்தது. ஒரே தொழிற்கூடம், ஒரே தொழிலாளர், ஒரே அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வறுமை ஒன்றைக் கொன்று மற்றதை விட்டுவைத்தது என்றால், விட்டுவைத்ததற்குக் காரணம் வறுமைக்கு வெளியே தேட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் கடல் கோளில் சிக்கிய ரயிலை இழுத்துச் சென்றது எம்2ஏ வகையைச் சேர்ந்த 591 மனிற்றோபா. பெரும் உயிரிழப்பு நேர்ந்த அந்த ரயிலின் எஞ்சின் உவர்நீரில் புரண்டு கிடந்தது. அப்போதே அதற்கு ஏறத்தாழ ஐம்பது வயது. ஆயினும் இலங்கைத் தொழிற்கூடத்தில் அதை மீட்டெடுத்து மீண்டும் ஓட வைத்தார்கள். உள்ளே உள்ளதை எல்லாம் கழற்றி, கழுவி, மாற்றி, திரும்பப் பூட்டக்கூடிய கட்டமைப்பு இல்லாவிட்டால் எந்த உறுதியாலும் அது நடந்திருக்காது.

மூன்றாவது, என் வாதத்தை உண்மையில் திருத்தும் ஆட்சேபம். ஜெனரல் மோட்டார்ஸ் மட்டும்தான் நிலைத்ததா? இல்லை. 1975இல் கனடாவின் மொன்றியல் நிறுவனத்திலிருந்து வந்த 14 எம்4 எஞ்சின்கள் ஆல்கோ 251 குடும்பம், 1,750 குதிரைவலு. அவையும் பல பத்தாண்டுகள் ஓடின. அந்தக் குடும்பத்துக்குத் துணை நின்றது வாரணாசி. அங்குள்ள டீசல் எஞ்சின் தொழிற்சாலை ஆல்கோவின் உரிமத்தோடு 1964இலிருந்து 251 எஞ்சின்களைக் கட்டியது. அமெரிக்காவில் ஆல்கோ நிறுவனமே மூடிய பின்னும் வாரணாசி நிறுத்தவில்லை. இலங்கை பின்னர் வாங்கிய எம்8உம் 2012இன் எம்10உம் அதே குடும்பத்திலிருந்து வந்தவை. ஆகவே வெற்றி ஒரு நிறுவனத்தின் முத்திரைக்கு உரியதல்ல. எந்தக் குடும்பத்தின் பாகங்கள் எங்கோ ஓரிடத்தில், நமக்கு எட்டும் விலையில், தொடர்ந்து வார்க்கப்பட்டனவோ அந்தக் குடும்பம் நிலைத்தது. மலைப்பாதைக்கு மட்டும் இன்னொரு வடிகட்டி உண்டு: எடையும் நீளமும் வளைவும். ஆல்கோ குடும்பம் முதல் வடிகட்டியைத் தாண்டியது. அதன் கனத்த உறுப்பினர்கள் இரண்டாவதைத் தாண்டவில்லை. எம்2உம் எம்6உம் இரண்டையும் தாண்டின.

இவ்வளவு நுணுக்கமாக எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது தோட்டத்து மக்களின் வரலாற்றோடு எங்கே சேர்கிறது என்று கேட்கும் வாசகர் இருப்பார். சேர்கிறது. இந்தப் பாதை கோப்பிக்காகத் திட்டமிடப்பட்டு, தேயிலைக்காக முடிக்கப்பட்டது. 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் தொட்டது. மலையகத்தில் கோச்சி என்பது உல்லாசப் பயணிகள் கதவோரம் நின்று படம் பிடிக்கும் பொருளாவதற்கு நெடுங்காலம் முன்பே, தோட்டத்துக்கு அரிசி வந்த வழி, தேயிலைப் பெட்டி போன வழி, கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளை திரும்பி வரும் வழி. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் குடும்பங்கள் ஹட்டனிலும் நானுஓயாவிலும் ஏறித் தலைமன்னாருக்குப் போனதும் கோச்சியில்தான். அழுகைக் கோச்சி என்ற பெயர் அந்த நாட்களில் பிறந்தது. ஒரு நாளில் ஓரிரு ரயில் மட்டுமே நிற்கும் சிறு நிலையத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தாருக்கு, எஞ்சின் வேகமாகப் போகிறதா என்பது கேள்வியே இல்லை. வருமா, வராதா என்பதே கேள்வி. மழைக்காலத்தில் மண் சரிந்து வீதி அடைபடும்போது அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். ரொசெல்லவுக்கும் ஹட்டனுக்கும் இடையில் ஓர் எஞ்சின் படுத்துவிட்டால் ஒற்றைப் பாதை முழுவதும் அடைபடும். மீட்க இன்னோர் எஞ்சின் அதே சரிவை ஏறி வர வேண்டும். எனவே இங்கே ஓர் எஞ்சினின் மதிப்பை அளக்கச் சரியான அளவுகோல் அது எத்தனை குதிரைவலு என்பதல்ல, எத்தனை நாள் கொட்டகையை விட்டு வெளியே இருந்தது என்பதே. பராமரிப்புக்கு எட்டும் எஞ்சின் என்பது ஒரு தொழில்நுட்ப விருப்பமாகத் தோன்றலாம். மலையகத்தில் அது நடமாட்ட உரிமையின் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது. திணைக்களத்தின் கொள்வனவு முடிவுகளைப் பற்றி எழுதுவோர் இந்தப் பக்கத்தைப் போதிய அளவு எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

உலகில் கட்டுப்பாடு இதற்கிடையில் வேறு திசையில் போய்விட்டது. 1960களின் நடுவில் நேர்மின் ஜெனரேட்டரை விலக்கி, மாறுமின் ஜெனரேட்டரும் சிலிக்கன் திருத்தியும் வந்தன; கார்பன் பிரஷ் தேயும் தொல்லை பெருமளவு போயிற்று. 1972இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் டாஷ்-2 வரிசையில் ரிலேக்களில் பலவற்றை எடுத்துவிட்டுச் செருகி எடுக்கும் மின்னணு அட்டைகளை வைத்தது. அட்டை கெட்டால் கழற்றி இன்னொன்றைச் செருகு, கெட்டதைத் தொழிற்சாலைக்கு அனுப்பு என்பது அதன் முறை. பழுது பார்க்கும் நேரம் இதனால் குறைந்தது. சக்கர வழுக்கலை மின்னணுச் சுற்று ரிலேயைவிட நுட்பமாகப் பிடித்தது. ஈரத் தண்டவாளத்தில் கூடுதல் இழுவிசை கிடைத்தது. மலைப்பாதைக்கு இவை மூன்றும் தேவையானவை. ஆனால் அட்டையைக் கையிருப்பில் வைக்கக் கிடங்கு வேண்டும், அதை நிரப்பச் செலாவணி வேண்டும், அட்டை செய்யும் நிறுவனம் அடுத்த இருபது ஆண்டும் அதே அட்டையைச் செய்ய வேண்டும். எஞ்சின் குடும்பம் தொடர்ந்ததுபோல் மின்னணுக் குடும்பங்கள் தொடர்வதில்லை. 1966இன் சிலிண்டர் 1954இன் எஞ்சினுக்குள் இறங்கும். ஒரு தலைமுறையின் மின்னணு அட்டை முந்திய தலைமுறையின் பெட்டிக்குள் அநேகமாக இறங்காது.

2012இல் சீனாவிலிருந்து எஸ்12 தொடர் வந்தபோது மலைப்பாதை இந்தக் கேள்வியை நேரடியாகச் சந்தித்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஒன்றாகப் பிணைந்த தொடர். முனையில் எஞ்சினைக் கழற்றித் திருப்பும் வேலை இல்லை. கட்டுப்பாடு முழுவதும் மின்னணு. உடரட மெனிக்கேயும் பொடி மெனிக்கேயும் அதன் நீல நிறத்துக்கு மாறின. பயணிகளுக்கு வசதி கூடியது என்பதில் ஐயமில்லை. எம்6 இழுக்கும் ரயிலில் எஞ்சின் கெட்டால் எஞ்சினை மட்டும் மாற்றலாம். தொடரில் கெட்டால் பெட்டிகளும் சேர்ந்து நிற்கும். இந்த வித்தியாசம் நானுஓயாவில் என்ன செய்தது, எம்6 ஏன் மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)